மிருதங்கம் எங்கே?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி முடிந்த அடுத்த மாதம், மலேசியாவின் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடையின் மாடியில் இது நடந்தது. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் கொஞ்சம் வெட்கமும் வரும்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கிறேன். ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஃபோட்டோகாப்பி மெஷின் ரிப்பேர் செய்வது என் வேலை. மெஷினைத் திறக்காமலே, ஓடுகிற சத்தத்தை வைத்து எந்த ரோலர் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதனால் என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஓய்வு நேரத்தில் இசைக்கருவிகளை ரெக்கார்டு செய்வது பொழுதுபோக்கு. காசு சேர்த்து இரண்டு நல்ல மைக் வாங்கியிருந்தேன்.

அப்போது என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது 'மிட்-சைடு' என்ற முறை. இரண்டு மைக்கை ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே ஸ்டாண்டில் மாட்டவேண்டும். ஒன்று நேரே முன்னால் பார்க்கும். இன்னொன்று இரண்டு பக்கமும் பார்க்கும், முன்னால் இருப்பது அதற்குக் கேட்காது. பிறகு கம்ப்யூட்டரில் முன் மைக்கோடு பக்க மைக்கைக் கூட்டினால் இடது காதுக்கான சத்தம், கழித்தால் வலது காதுக்கான சத்தம். அவ்வளவுதான் கணக்கு. ஹெட்ஃபோனில் கேட்டால் கச்சேரிக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். யூடியூபில் பார்த்துப் பார்த்து, மலேசியாவிலேயே எனக்கு மட்டும்தான் இது தெரியும் என்கிற அளவுக்கு வந்திருந்தேன்.

எனக்கு ஒரு நண்பர் இருந்தார். புல்லாங்குழல் வாசிப்பார். கிள்ளானில் அவருடைய அண்ணனுக்குத்தான் அந்தச் சேலைக்கடை. நண்பரோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்து கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்று ஆறு வருஷமாக வாசித்து வந்தார்கள். மிருதங்கம் வாசிப்பவர் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஒரு ஃபேக்டரிக்கு வேன் ஓட்டுகிறவர். வயலின் வாசிப்பவர் கிள்ளானில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்யும் அக்கா. நாற்பது வயது இருக்கும். நல்லா வாசிப்பார், அதிகம் பேசமாட்டார்.

மிருதங்கக்காரரின் மனைவிக்கு ஜொகூருக்கு மாற்றலாகிவிட்டது. குடும்பத்தோடு போகிறார். ஆறு வருஷம் சேர்ந்து வாசித்தும் மூன்று பேரிடமும் உருப்படியாக ஒரு ரெக்கார்டிங் இல்லை. கல்யாண வீடியோவில் எல்லாம் மாமாமார்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். "போறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு பாட்டாவது பதிவு பண்ணிக் குடு பாஸ்" என்று குழல் நண்பர் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்தான் மீதி இருந்தன.

முதல் ஞாயிறு காலையிலேயே மைக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினேன். கடையின் மாடி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நான்கு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை சேலை அடுக்கு. கைதட்டினால் எதிரொலியே இல்லை. ஒரே ஒரு சிக்கல். எதிரில் ஒரு பாட்டுக்கடை இருந்தது. பத்து மணிக்குத் திறந்ததும் வாசலில் ஸ்பீக்கரை வைத்து அலறவிடுவார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

நான் மைக்கை நடுவில் நிறுத்தினேன். குழலை நேர் முன்னால் உட்காரவைத்தேன். ஹெட்ஃபோனில் நன்றாக விரிந்து கேட்கவேண்டும் என்று மிருதங்கத்தை மைக்குக்கு நேர் இடப்பக்கமும், வயலினை நேர் வலப்பக்கமும் தள்ளி வைத்தேன். வாசித்துப் பார்த்தபோது மிருதங்கத்துக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. இரண்டு பேரையும் இடம் மாறி உட்காரச் சொன்னேன். மிருதங்கக்காரர் எழுந்தார். அக்கா எழவில்லை.

"நான் இந்தப் பக்கமே உக்காந்துக்கறேன் தம்பி."

"சத்தத்துக்காகத்தான் அக்கா. ஒரு அஞ்சடிதானே."

"இல்ல, எனக்கு இதுதான் சரி."

காரணம் சொல்லவில்லை. மேடைக்காரர்களின் சென்டிமெண்ட் போலிருக்கிறது என்று மனசுக்குள் சலித்துக்கொண்டு அலமாரியில் நாலு சேலையைச் செருகி அதிர்வை நிறுத்தினேன். ஒன்பதரைக்குள் மூன்று பாட்டு முடிந்தது. லேப்டாப்பில் அவசரமாகக் கூட்டிக் கழித்து, பக்க மைக்கைக் கொஞ்சம் தாராளமாகவே ஏற்றி, ஹெட்ஃபோனை முதலில் அக்காவுக்குத்தான் கொடுத்தேன். முகம் மலரப் போகிறது என்று எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"மிருதங்கம் எங்கே?"

"இடது பக்கம் இருக்கு பாருங்க."

"ரொம்ப தூரத்துல என்னமோ தட்டுற மாதிரி இருக்கு. மிருதங்கம் இல்லையே தம்பி."

நான் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டேன். மிருதங்கம் கிண்ணென்று இருந்தது. திரும்பக் கொடுத்தேன். திரும்பவும் இல்லை என்றார். மூன்றாவது தடவையும் அதேதான். காலையில் அவர் இடம் மாற மறுத்த எரிச்சல் வேறு உள்ளே இருந்தது. என் உலக மகா ரெக்கார்டிங்கைக் குறை சொல்கிறாரே என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. வாய் முந்திக்கொண்டது.

"அக்கா, உங்க காதுல ஏதாச்சும் கோளாறா?"

கேலியாகத்தான் சொன்னேன். மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி மெதுவாகக் கீழே வைத்தார். வயலினைத் துணியால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "எனக்குப் பதினோரு மணிக்கு ஷிப்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மணி அப்போது பத்துக்கூட ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடை ஸ்பீக்கர் ஆரம்பித்தது, அந்தச் சத்தத்தில் நாங்கள் மூவரும் ஒயர் சுற்றினோம்.

இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. தப்பு என் மேல் என்று தெரிந்தது, ஆனால் என்ன தப்பு என்று தெரியவில்லை. அவர் கோபத்தோடு அடுத்த ஞாயிறு வராமல் போனால் ரெக்கார்டிங் அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை கிள்ளான் பக்கம் ஒரு மெஷின் வேலை வந்தது. முடித்துவிட்டு நேராக மருந்துக்கடைக்குப் போனேன்.

அக்கா கவுண்டரில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இடப்பக்கம் நின்று, "அக்கா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக, "அக்கா, ஞாயித்துக்கிழமை பேசினது தப்புதான்" என்றேன். ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதற்குள் மறுபக்கமிருந்து ஒரு சீனப் பாட்டி சன்னமான குரலில் இருமல் மருந்து கேட்டார். உடனே திரும்பிச் சிரித்த முகமாகப் பதில் சொன்னார்! எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு கோபமா?

பக்கத்து கவுண்டரில் இருந்த மலாய்க்கார அக்கா என்னைப் பாவமாகப் பார்த்தார். மலாயில் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பக்கம் நின்னா அவங்களுக்குக் கேக்காது. வலது பக்கமா போய்க் கூப்பிடுங்க."

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை நான் கேட்ட கேள்வி அப்படியே காதுக்குள் திரும்ப ஒலித்தது.

வலது பக்கம் போய் நின்றேன். "அக்கா" என்றேன். திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், மலாய்க்கார அக்காவின் முகத்தைப் பார்த்தார், என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "இரு, எனக்கு பிரேக் டைம்" என்று சொல்லிப் பக்கத்துக் கடைக்குத் தேத்தண்ணீர் குடிக்கக் கூட்டிப்போனார். உட்காருவதற்கு முன் என் நாற்காலியைத் தன் வலப்பக்கம் இழுத்துப் போட்டார். ஆறு வருஷமாக அவர் எத்தனை நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டிருப்பார்!

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ கேட்டது சரியான கேள்விதானே? கோளாறுதான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, காய்ச்சல் இறங்கியபோது இடது காது போய்விட்டதாம். வயலின் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். "வயலினை இடது பக்கம் நெஞ்சுல சாத்தித்தானே வாசிக்கிறோம். எனக்குப் பாதி சத்தம் எலும்பு வழியா வருது" என்றார், ஏதோ பெருமையான விஷயம் போல. பதினெட்டு வயதில் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறார். காது விஷயம் தெரிந்ததும், "ஸ்ருதி பிசகினா எங்களுக்கு அவமானம்" என்று நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து வீட்டுக்குத் தெரியும், வேலையிடத்துக்குத் தெரியும், மேடைக்காரர்களுக்கு மட்டும் சொல்வதில்லை. மற்றவர்கள் தன் வலப்பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்துகொள்வார். அதனால்தான் அன்றைக்கு இடம் மாறவில்லை. என் ஹெட்ஃபோனின் இடது பக்கத்தில் நான் பத்திரமாக வைத்த மிருதங்கம் அவரைப் போய்ச் சேரவே இல்லை.

"யாராச்சும் பாட்டு அனுப்பினா ஹெட்ஃபோன்ல கேக்கமாட்டேன். பாதிதான் இருக்கும்" என்றார். "அவன் ஜொகூர் போனப்புறம் அவன் வாசிப்பைக் கேக்கணும்னு ஆசைப்பட்டேன். அதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அக்கா. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சரி செய்வது எனக்குச் சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. மிட்-சைடு முறையின் பெரிய பெருமையே, இடது வலது இரண்டையும் ஒன்றாக்கினாலும் பாட்டு கெடாது என்பதுதான். கூட்டியதும் கழித்ததும் சேரும்போது பக்க மைக் காணாமல் போய்விடும், முன் மைக் மட்டும் முழுசாக நிற்கும். அதை அக்காவின் வலது காதுக்கு அனுப்பினால் முடிந்தது. வீட்டுக்கு வந்து அப்படிச் செய்து கேட்டேன். கேட்ட எனக்கு வியர்த்துவிட்டது. குழல் மட்டும் அருமையாக இருந்தது. மிருதங்கம் பக்கத்து வீட்டில் வாசிக்கிற மாதிரி. அக்காவின் வயலினும் சோகையாக எங்கேயோ நின்றது. இரண்டு பேரையும் நான்தான் அகலத்துக்கு ஆசைப்பட்டு முன் மைக் சரியாகப் பார்க்காத ஓரத்துக்குத் தள்ளியிருந்தேன். பக்க மைக்கை ஏற்றி அதை மூடி மறைத்திருந்தேன். அதாவது, அக்கா சொன்னது சரி. மிருதங்கம் உண்மையிலேயே அங்கே சரியாக இல்லை. ஒரு காதில் அவர் கண்டுபிடித்ததை இரண்டு காதை வைத்துக்கொண்டு நான் கண்டுபிடிக்கவில்லை.

முதல் வாரம் எடுத்த மூன்று பாட்டும் வீண். எல்லாவற்றையும் ஒரே காலையில் புதிதாக எடுக்கவேண்டும். மறுநாள் மிருதங்கக்காரர் கிளம்புகிறார்.

இரண்டாவது ஞாயிறு ஏழு மணிக்கே எல்லாரும் மாடிக்கு வந்துவிட்டோம். மிருதங்கக்காரர் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றில் நாலு பொட்டலம் வாங்கி வந்திருந்தார். இந்தத் தடவை மூன்று பேரையும் மைக்குக்கு முன்னால், ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்த மாதிரி நெருக்கமாக வளைத்து உட்காரவைத்தேன். அக்கா வழக்கமான பக்கம். அப்புறம் நான் செய்த ஒரு காரியம்தான் வம்பை இழுத்தது. அக்காவுக்கு எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்டுச் சரிபார்க்கவேண்டும் என்று டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி என் இடது காதை நன்றாக அடைத்துக்கொண்டேன். அதோடு பக்க மைக்கின் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, முன் மைக்கை மட்டும் வைத்து ஒவ்வொருவரையும் நகர்த்தினேன். மிருதங்கம் ஒரு அடி முன்னால். வயலின் அரை அடி பின்னால்.

கால் மணி நேரத்தில் எனக்குத் தலை சுற்றியது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. குழல் நண்பரின் அண்ணன் சேலை மூட்டையோடு இடப்பக்கமாக வந்து, "நகரு, நகரு" என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. மூட்டையோடு என்மேல் மோதி, நான் நாசி லெமாக் பொட்டலத்தின் மேல் உட்கார்ந்தேன். அதிலிருந்த மிளகாய்ச் சம்பல் எல்லாம் பேண்ட்டில். எல்லாரும் சிரித்தார்கள்.

"என்னா பாஸ், காதுல பேப்பர்?" என்று குழல் நண்பர் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவசரமாக, "குளிக்கும்போது தண்ணி போயிடுச்சு" என்றேன். நான் பொய் சொன்னால் மூஞ்சியே காட்டிக்கொடுத்துவிடும் என்று என் மனைவி சொல்வாள். அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். வயலின் வில்லை மடியில் வைத்தார்.

"தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு இடது காது கேக்காதுப்பா. சின்ன வயசுலேர்ந்து. அதுக்காகத்தான் இவன் அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் விரல் மட்டும் வில்லை இறுக்கிப் பிடித்திருந்தது. பதினெட்டு வயதில் கேட்ட பதிலையே திரும்பக் கேட்கத் தயாராகிற மாதிரி இருந்தது.

மிருதங்கக்காரர் மிருதங்கத்தின் வாரை இழுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "தெரியும்கா."

"என்னது?"

"மொத கச்சேரியிலயே தெரியும் லா. அந்தப் பக்கம் நின்னு மூணு தடவ கூப்பிட்டேன், நீங்க திரும்பல. இந்தப் பக்கம் வந்து மெல்லத் தொண்டையக் கனைச்சேன், திரும்பிட்டீங்க. ஆறு வருஷமா ஒவ்வொரு மண்டபத்துலயும் மைக் செட்காரனோட நான் எதுக்கு எடத்துக்குச் சண்ட போட்டேன்னு நெனச்சீங்க? அக்காவா சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடப்பாவி" என்றார். அவ்வளவுதான். குழல் நண்பர் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாதா? ஆறு வருஷமா நடுவுல உக்காந்து ஊதிக்கிட்டு இருக்கேனே!" என்று அவர் புலம்பியதும் வெடித்த சிரிப்பில் கீழே கடையைத் திறந்துகொண்டிருந்த பெண்பிள்ளைகள் மாடிக்கு எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் வாசித்த வாசிப்பு இருக்கிறதே! முதல் வாரத்தில் மூன்று பேரும் என் மைக்குக்காக வாசித்தார்கள். அன்றைக்கு ஒருவரை ஒருவர் பார்த்து வாசித்தார்கள். அக்கா ஒரு இடத்தில் வேண்டுமென்றே ஒரு தாளக் கணக்கை இழுத்துவிட, மிருதங்கக்காரர் சிரித்துக்கொண்டே துரத்திப் பிடித்தார். நான்கு பாட்டு ஒரே டேக்கில் முடிந்தது. ஐந்தாவது பாட்டின் கடைசி அடி விழுந்து, அந்த நாதம் அடங்குவதற்குள் எதிர்க்கடை ஸ்பீக்கர் டமாரென்று ஆரம்பித்தது. மணி சரியாகப் பத்து. இன்னொரு தடவை எடுக்க நேரமில்லை. அப்படியே விட்டுவிட்டோம்.

அக்காவுக்கு ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். பக்க மைக்கைச் சுத்தமாக மூடி, முன் மைக்கை மட்டும் அனுப்பினேன். இந்தத் தடவை நான் எதிரில் நின்று முகத்தைப் பார்க்கவில்லை, பயம். ஒயர் சுற்றுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். பாட்டு பாதி போயிருக்கும். பின்னால் தொடையில் தாளம் போடுகிற சத்தம் கேட்டது.

"எல்லாரும் இருக்கோம் தம்பி" என்றார் அக்கா. "ஒருத்தர் விடாம இருக்கோம்."

அதே பதிவில் பக்க மைக்கை ஏற்றி மற்ற இரண்டு பேருக்கும் கொடுத்தேன். அவர்களுக்கு அது விரிந்து, மாடி முழுக்கப் பரவிக் கேட்டது. ஒரே வாசிப்பு, ஒரே பதிவு. அக்காவுக்கு ஒரு காதில் முழுசாக, அவர்களுக்கு இரண்டு காதிலும் அகலமாக. இந்த முறையை எதற்காக யாரோ யோசித்துக் கண்டுபிடித்தார்களோ, எனக்குத் தெரியாது. எனக்கு அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் பிடிபட்டது.

மிருதங்கக்காரர் மறுநாள் ஜொகூருக்குப் போய்விட்டார். வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறார், வந்தால் மூன்று பேரும் எங்கேயாவது வாசிக்கிறார்கள். இப்போது மண்டபத்தில் இடத்துக்காகச் சண்டை போடுவது அக்காவேதான். "எனக்கு இந்தக் காது கேக்காது, அந்தப் பக்கம் போடுங்க நாற்காலியை" என்று மைக் செட்காரரிடம் நேராகவே சொல்லிவிடுகிறார். கேட்டவர்கள் யாரும் அவரை நிறுத்தவில்லை.

எனக்குக் காதைப் பற்றி இருந்த கர்வம் குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் யாராவது "எனக்குக் கேட்கவில்லை" என்று சொன்னால், அவரைத் திருத்தக் கிளம்பாமல், நான் அவருக்கு எந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன் என்று முதலில் பார்க்கவேண்டும் என்ற புத்தி அந்தச் சேலைக்கடை மாடியில்தான் எனக்கு வந்தது.